கல்லைத் தேடிய ஸ்கேனில் ஒரு கட்டி

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில், வலது சிறுநீரகத்தில் 3.2 செ.மீ. கட்டி தெரிந்தது. சி.டி. ஸ்கேன் பார்த்துவிட்டு, புற்றுநோயாகத்தான் இருக்கும் என்கிறார்கள். வலியில்லை, சிறுநீரில் ரத்தமில்லை. 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்கிறார் நாத்தனார். இவர் எத்தனை வருடம் இருப்பார் டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நாத்தனார் பேச்சை ஒதுக்கி வையுங்கள் அம்மா. அந்தக் காலத்தில் முற்றிய பிறகுதான் ஆபரேஷனுக்கே வந்தார்கள். பழி கத்தி மேல் விழுந்தது. சிறுநீரில் ரத்தம், விலாவில் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று மூன்று அறிகுறிகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன் நான். மூன்றும் சேர்ந்து வந்தவர்களில் பிழைத்தவர்கள் குறைவு. இப்போது பாதிக்கு மேல் உங்கள் கணவர் மாதிரி, வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய்க் கண்ணில் படுகிறவைதான்.

4 செ.மீ.க்குள், சிறுநீரகத்தைத் தாண்டாத கட்டியை எடுத்துவிட்டால், ஐந்து வருடத்தில் இந்த நோயால் இறக்காதவர்கள் 100க்கு சுமார் 95 பேர். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: இந்த 95இல் கொஞ்சம் கணக்கு விளையாட்டும் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் வருடங்களை எண்ணத் தொடங்குவதும் சீக்கிரம்தானே! காலம் முழுக்கத் தொந்தரவு தராமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளும் அதில் சேர்ந்துவிடுகின்றன. இந்த அளவுக் கட்டிகளில் ஐந்தில் ஒன்று புற்றே அல்ல.

பெரும்பாலும் இவை வருடத்துக்குச் சில மி.மீ.தான் வளரும். 80 வயது இதய நோயாளி என்றால், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்பேன். 58 வயதில், மற்றபடி நன்றாக இருப்பவருக்கு எடுத்துவிடலாம். ஆனால் சிறுநீரகம் முழுவதையும் அல்ல. "கட்டியை மட்டும் எடுக்க முடியுமா?" என்று சர்ஜனிடம் கேளுங்கள். பெரும்பாலும் முடியும். ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, கட்டியை வெட்டியெடுத்துத் தைப்பார்கள். ரத்தம் இல்லாமல் சிறுநீரகம் அதிக நேரம் தாங்காது என்பதால், நான் செய்யும்போது நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார். 20ஐத் தாண்டினால் எனக்குக் கழுத்தில் வேர்க்கும். வெட்டிய கட்டி பல சமயம் முட்டை மஞ்சள்கரு நிறத்தில் இருக்கும். அவ்வளவு கொழுப்பு உள்ளே.

இந்த அளவில் பிடிபட்டால், ஆபரேஷனுக்குப் பின் கீமோ, ரேடியேஷன் எதுவும் வேண்டாம். ஆனால் சில வருடங்களுக்கு ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், பிரஷரையும் பார்க்கட்டும்.

அது சரி, பித்தப்பையில் கல் இருந்ததா இல்லையா? அதை எழுதவே இல்லையே!