செடியின் நொதியைப் படித்தால் வேலை கிடைக்குமா? மறையூர் அப்பாவுக்கு ஒரு பதில்

பிளஸ் டூ படிக்கும் மகள், செடிக்குள் வேதிவினைகளை வேகப்படுத்தும் நொதிகள் (என்சைம்கள்) கார்பனை எப்படிச் சர்க்கரையாக்குகின்றன என்று ஆராயப் போகிறேன் என்கிறாளாம். "நர்சிங் சேர்த்தால் நாளைக்கே வேலை. இது சோறு போடுமா சார்?" என்று கேட்கிறார் கேரளாவின் மறையூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர்.

அண்ணா, அவள் சொல்வது நீங்கள் அறியாத சங்கதி இல்லை. வெட்டிய கரும்பை உடனே ஆட்டிவிடத் துடிப்பீர்களே, ஏன்? நாலு நாள் போட்டு வைத்தால் பாகு பதத்துக்கு வராது, உருண்டை பிடிக்க முடியாது. கரும்பிலேயே இருக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி, கரும்புச் சர்க்கரையான சுக்ரோஸை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்துவிடுவது அதற்கு முக்கியக் காரணம். இளங்கரும்பில் இந்த நொதி அதிகம். முற்ற முற்ற அது அடங்கும், சுக்ரோஸ் ஏறும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய உங்கள் ஊர் வெல்லத்துக்கும் இதே கணக்குதான்.

ஆனால் நொதி இரண்டு மடங்கானால் விளைவும் இரண்டு மடங்காகும் என்று நினைத்துவிட வேண்டாம். இலையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது ருபிஸ்கோ என்ற நொதி. நெல், புகையிலை போன்ற செடிகளில் இலையின் கரையும் புரதத்தில் பாதி வரை அதுவே இருக்கும். இருந்தும் மகா சோம்பேறி, நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். 1990களின் தொடக்கத்தில் மரபணு மாற்றிய புகையிலையில் ருபிஸ்கோவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள். செடி வளர்ந்த அதே மிதமான வெளிச்சத்தில் அளந்தபோது ஒளிச்சேர்க்கை பாதியாகவில்லை, கொஞ்சம்தான் குறைந்தது. வெளிச்சத்தைக் கூட்டியதும் குறை பளிச்சென்று தெரிந்தது. அப்புறம், பிடித்த கார்பனைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சியில் அதிகம் பேர் கண்டுகொள்ளாத எஸ்.பி.பி.யேஸ் என்ற நொதியைக் குறைத்தார்கள். அதற்கு ஒளிச்சேர்க்கை உடனே சரிந்தது. ஆக, ஒளிச்சேர்க்கையின் கடிவாளப் பிடி ஒரே நொதியிடம் இல்லை. வெளிச்சமும் வெப்பமும் உரமும் மாறினால் யாரிடம் எவ்வளவு பிடி என்பதும் மாறுகிறது. அதை எண்ணாகக் கணக்கிடும் முறையை 1973இல் காக்சர், பர்ன்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் வகுத்தார்கள்.

இதனால்தான் கேட்கிறேன், மகளுக்குக் கணக்கு வருமா? செடிப் பெயரை மனப்பாடம் செய்யும் படிப்பு என்று நினைத்து வருகிறவர்கள் முதல் வருடமே திணறுகிறார்கள். வேதியியலும் கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்த வேலை இது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அன்று வெட்டிய கரும்பின் சாறு, நாலு நாள் கிடந்த கரும்பின் சாறு, இரண்டையும் பள்ளி லேபுக்குக் கொண்டுபோய் பெனடிக்ட் கரைசலில் சூடுபடுத்தட்டும். சுக்ரோஸ் அதில் நிறம் மாற்றாது, உடைந்த சர்க்கரை மாற்றும். பழைய சாறு செங்கல் நிறத்துக்குப் போனதும் "சரி, முடிந்தது" என்று வந்துவிடுகிறாளா, இல்லை இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கரும்பையும் கேட்டு உங்களை நச்சரிக்கிறாளா என்று பாருங்கள். நச்சரித்தால் தடுக்காதீர்கள்.

சேர்க்கை விஷயம். ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வில் தேறினால் திருவனந்தபுரத்திலோ திருப்பதியிலோ ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிக்கலாம். வினாத்தாள் தமிழில் வராது. தமிழ் மீடியப் பிள்ளை என்றால் ஆங்கிலக் கலைச்சொற்களை இப்போதே பழக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் அல்லது தாவரவியல் போதும். பயோடெக்னாலஜி என்று போர்டு மாட்டி லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களை நான் சிபாரிசு செய்வதில்லை. எங்கே போனாலும், லேப் கருவிகளைப் பிள்ளைகள் தொட விடுகிறார்களா என்று சீனியர் மாணவர்களைக் கேளுங்கள்.

பிஎச்.டி. வரை போனால் பத்து வருடமாவது ஆகும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பின்பாதிச் செலவு உங்கள் தலையில் விழாது.

என்னைக் கேட்டால் நீட்டையும் எழுதட்டும் என்பேன். அது தமிழிலேயே உண்டு. கேரளாவில் பி.எஸ்சி. அக்ரி இடத்துக்கு அந்த ரேங்க்தான் கணக்கு. அக்ரி முடித்தால் கேரள அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதி, கிருஷி பவன் என்ற உள்ளூர் வேளாண் அலுவலகத்தில் அலுவலராகலாம், மனம் மாறாவிட்டால் எம்.எஸ்சி.யில் தாவர உடலியலுக்கும் வரலாம். நர்சிங்கை அதற்குப் பிறகு யோசிப்போம்.

கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உடுமலை வழியாக உங்களுக்கு ஒரு நாள் பயணம். அங்கே என்ன வேலை நடக்கிறது என்று அவளோடு நீங்களும் பார்த்துவிட்டு வாருங்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், சனி ஞாயிறு வேண்டாம்.