எட்டு மணி நேரம் ஊறியும் அரிசி கல்லாக இருப்பது ஏன்?

கேள்வி: வியாசர்பாடியில் வீட்டு வாசலில் இட்லிக் கடை நடத்துகிறேன். 10 கிலோ புழுங்கலரிசியை 8 மணி நேரம் ஊறவைத்தும் பல மணிகள் கல்லாக நிற்கின்றன, சில மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசியோ என்று பயமாக இருக்கிறது. மூட்டை தந்த தரகர், "மெட்ரோ தண்ணீர்தான் காரணம், வெந்நீர் ஊற்றிச் சோடா போடுங்கள்" என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள், அம்மா. கொதிநீர் பட்டால் அரிசியின் மேற்புறம் மட்டும் வெந்து குழையும். மாவு பசையாகும், இட்லி களியாகும். சோடாவோ அரிசியில் மிஞ்சியிருக்கும் பி1 சத்தை அழிக்கும்.

தண்ணீர் மணியின் மேலிருந்து நடுவுக்கு மெல்லக் கசிந்துதான் போகும். முதல் அரை மணி நேரத்தில் வேகம், பிறகு மந்தம், நடுப்பகுதி நனைந்ததும் ஏறக்குறைய நின்றுவிடும். பச்சரிசிக்கு ஒரு மணி நேரம் போதும். புழுங்கலரிசி நெல்லாக இருக்கும்போதே அவிந்து இறுகியது. நம் ஊர்ச் சூட்டில் 4 மணி நேரம் கேட்கும். அதற்கு மேல் வைத்தால் தண்ணீர்தான் புளிக்கும்.

முதலில் அண்டாவைப் பாருங்கள். 10 கிலோ அரிசி 3 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்து உப்பும். அரிசி மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றியிருந்தால் மேல் மணிகள் வறண்டுதான் கிடக்கும். நான்கு விரல் உயரம் நிற்கட்டும். அப்படியும் அடியிலிருந்து மேல்வரை கல்லும் மாவுமாக இருந்தால், குற்றம் மூட்டையில். ஓரிடத்தில் லேசாக அவித்தது, இன்னோரிடத்தில் முரட்டுத்தனமாக அவித்த மோட்டா ரகம், இரண்டையும் கொட்டிப் பாலிஷ் போட்டு "செங்குன்றத்து இட்லி அரிசி" என்று தள்ளும் தரகர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மிதக்கும் மணிகளைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பூச்சி அரித்ததென்றால் கூடு மட்டும் இருக்கும், வீசிவிடுங்கள். முழு மணியாக, மற்றவற்றைவிட வெளுத்தோ மஞ்சளாகவோ மிதந்து, சீக்கிரமே மெத்தென்று ஆனால் அது பிளாஸ்டிக் அல்ல, செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மணியாகப் பிழிந்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ரேஷன் அரிசியில் கலந்து வந்தார்கள்; 2026-இல் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். சாப்பிடலாம். இதை ஒரு துண்டுச்சீட்டில் அச்சிட்டு ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஒட்ட எத்தனை நாள் ஆகும்? அதைச் செய்யாததால் தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரை தாய்மார்கள் அந்தச் சத்தைப் பொறுக்கிச் சாக்கடையில் போடுகிறார்கள்.

ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மூட்டையில் அந்த மணி ஏன் வர வேண்டும்? ரேஷன் அரிசி கள்ளத்தனமாகக் கைமாறி வந்திருக்க வாய்ப்பு அதிகம். 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

அடுத்த முறை மூட்டைக்குப் பணம் தருமுன் இரண்டு கைப்பிடி கேட்டு வாங்கி 4 மணி நேரம் ஊறவையுங்கள். இருபது மணிகளை நகத்தால் கிள்ளுங்கள். எல்லாம் மாவாக உதிர்ந்தால் வாங்குங்கள். நடுவில் கண்ணாடித் துகள்போல் நெருடினால் மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு போகட்டும்.