சுவர் இல்லாதவருக்கு எத்தனை புள்ளி?

அன்பின் அக்கா,

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்குச் சொந்த வீடு. மாநகர சபைக்குச் சோலை வரி கட்டாமல் விட்டதில்லை, சில நேரம் பிந்தும், அவ்வளவுதான். ஆனால் புறக்கோட்டையில் கடைகள் பூட்டிய பிறகு விறாந்தையில் அட்டையை விரித்துப் படுப்பவர்கள் குறைந்தபாடில்லை. எங்கள் வரியில் இவர்களுக்கு எவ்வளவு போகிறது? அஸ்வெசும என்ற அரச உதவிப் பணமும் கொடுக்கிறார்கள்தானே? மகளின் பிறந்தநாளுக்கு ஐம்பது சோற்றுப் பார்சல் கொடுத்தோம், சிலர் முகத்தைச் சுளித்தார்கள். இவர்களைப் பிடித்து ஓர் இல்லத்தில் விட்டால் நகரமும் சுத்தமாகுமே?

— வெள்ளவத்தை வாசகர் ஒருவர்

அன்பின் தம்பி,

பார்சல் கதையை விடுங்கள். பௌர்ணமிப் போயாவுக்குப் பார்சல் குவியும், செவ்வாய்க்கிழமை ஒன்றும் வராது. முகம் சுளித்தவருக்கு உங்களுடையது அன்றைய நாலாவதாக இருந்திருக்கலாம். பிள்ளையின் பிறந்தநாளில் அவர்களை நினைத்தீர்களே, அது நல்ல மனசு.

ஆனால் ‘பிடித்து விடுவது’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்கு நான் ஏசத்தான் வேண்டும். அலைந்து திரிபவர்களைப் பிடிக்கும் சட்டம் 1841இல் வந்தது. இந்த நகரத்துக்கு மாநகர சபைச் சட்டம் வந்ததே 1865இல்தான். கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகள் தங்கள் ஏழைகளுக்குத் தாங்களே உதவ வேண்டும் என்ற ஏழைகள் சட்டம் 1939இல் வந்தது. பிடிக்கும் சட்டத்துக்கும் கொடுக்கும் சட்டத்துக்கும் இடையில் 98 வருஷம். பிடித்துப் பார்த்தாயிற்று தம்பி, விறாந்தை இன்னும் நிறைந்துதான் கிடக்கிறது.

உங்கள் வரிக்கு வருகிறேன். வீட்டின் வருடாந்தப் பெறுமதியில் ஒரு குறிப்பிட்ட வீதம்தான் சோலை வரி. அதோடு சந்தை வாடகை, வியாபார அனுமதிக் கட்டணம், மாகாணம் வழியாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் எல்லாம் மாநகர நிதியத்தில் சேரும். அதிலிருந்து முதலில் போவது சம்பளம், குப்பை, வடிகால், தெருவிளக்கு. தாய்சேய் கிளினிக், இலவச மருந்தகம், ஏழைகளுக்கான மாத உதவி ஆகியவையும் இதே பானையில்தான். அஸ்வெசும உங்கள் சோலை வரியில் இல்லை, அது திறைசேரிப் பணம். சனம் ‘பிச்சைச் சம்பளம்’ என்று சொல்லும் பொதுசன உதவி மாகாணத்தின் கணக்கு. ஏழைகளுக்கு மாடி வீடு கட்டுவது நகர அபிவிருத்தி அதிகார சபை. அடுப்பு நாலு, சமையல்காரரும் நாலு பேர். பசித்தவர் எந்த வாசலில் நிற்பது என்று சொல்ல ஆளில்லை.

பணம் போதாது என்பது உண்மைதான். ஆனால் இருக்கிற பணமும் விறாந்தையில் படுப்பவரிடம் போய்ச் சேராததற்குக் காரணம் வேறு. விலாசம். சில நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான்.

அஸ்வெசுமவில் அடிமட்ட வறுமைக் குடும்பத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து மாதம் 17,500 ரூபா வரை உண்டு. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்குத் திறக்க அடையாள அட்டை வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிறகு பதிவுசெய்த ஸ்டூடியோவில் படம், பிறகு கிராம சேவகரின் கையெழுத்து. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு இன்னொரு கந்தோர். இத்தனையும் கடந்து வந்தவரிடம் கிராம சேவகர் கேட்பது ஒன்றுதான்: ‘என் பிரிவில் எந்த வீடு?’ கோட்டை ரயில் ஸ்டேஷன் வாசலில் படுப்பவர் எந்த வீட்டு இலக்கத்தைச் சொல்வார்? கிராம சேவகரையும் குறை சொல்ல முடியாது. தன் பிரிவில் வசிக்காதவருக்குக் கையெழுத்து வைத்தால் நாளைக்குக் கேள்வி அவருக்குத்தான்.

அட்டை ஏன் தொலைகிறது என்று கேட்காதீர்கள். அவருடைய அலுமாரி ஒரு சொப்பிங் பேக். தலைக்கு வைத்துப் படுப்பதும் அதையேதான். ஒரு மழை, ஒரு திருட்டு, விடியற்காலையில் விறாந்தை கழுவ வரும் ஒரு வாளித் தண்ணீர் போதும், எல்லாம் முதலிலிருந்து.

அஸ்வெசும கணக்கெடுப்பைப் பாருங்கள். கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவில் 22 அளவுகோல் வைத்துப் புள்ளி போடுவார்கள். சுவர் எதனால் ஆனது, மின்சாரம் எத்தனை அலகு என்றெல்லாம் வரும். சுவரே இல்லாதவருக்கு எந்தக் கூட்டில் புள்ளடி போடுவது? மறுபக்கம், ‘தோட்டம்’ என்று நாங்கள் சொல்லும் நகரத்துச் சேரியின் பலகை வீட்டிலிருந்து மாடி வீட்டுக்குக் கொண்டுபோன குடும்பத்தை எடுங்கள். சீமெந்துச் சுவர், உள்ளேயே கழிப்பறை. படிவம் அவர்களை வசதியானவர்களாக்கிவிடும். வீட்டுத் தவணையும் கரண்ட் பில்லும் பழைய நாட்கூலியிலிருந்துதான் போகின்றன என்பதை அந்தச் சுவர் சொல்லாது.

மாநகர சபை செய்யக்கூடியது பெரிய கட்டடமில்லை. தன் வட்டார அலுவலகம் ஒன்றையோ சமூக நிலையத்தையோ இவர்களின் தபால் விலாசமாக ஏற்றுக்கொள்ளலாம். பெயர்ப் பதிவேடு ஒன்று, சான்றிதழ்களைப் பூட்டி வைக்க ஓர் இரும்பு அலுமாரி, தமிழும் சிங்களமும் தெரிந்த ஓர் உத்தியோகத்தர். அந்த விலாசத்தைப் பிரதேச செயலகம் ஒத்துக்கொள்ள ஒரு சுற்றுநிருபமும் வேண்டும். அது வராவிட்டால் அலுமாரி தூசுதான் பிடிக்கும்.

எவ்வளவு போகிறது என்று கேட்டிருந்தீர்கள். வருஷக் கடைசியில் நிறைவேறும் மாநகர சபையின் வரவு செலவுத் திட்டத்தை எடுத்து, ஒதுக்கியதை அல்ல, செலவழித்ததைப் பாருங்கள். டிசம்பர் 31க்குள் செலவாகாத ஒதுக்கீடு, ஒதுக்கியும் ஒதுக்காத மாதிரிதான். உங்கள் வரியையும் பிந்தாமல் கட்டுங்கள். முழு வருஷத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் பத்து வீதம் கழிவு உண்டு.

அந்தக் கழிவில் வரும் பிறந்தநாளுக்குப் பார்சல் வாங்காதீர்கள். ஒரே ஒருவருக்கு ஸ்டூடியோக் காசையும் பஸ் காசையும் கொடுத்து, கிராம சேவகரிடம் கூடவே போங்கள். அவர் கந்தோரில் இருக்கும் நாளை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் வெளிவேலைக்குப் போய்விடுவார்.