வாசகர் கேள்வி-பதில்: டைமரை அணைத்தும் ஓயாத பாய்லர்

கேள்வி: லண்டன் ஹாரோவில், 1990களில் கட்டப்பட்ட வீட்டில் குடியிருக்கிறோம். பாய்லர் சமையலறையிலும், வெந்நீர்த் தொட்டியும் மோட்டார் வைத்த இரண்டு வால்வுகளும் மாடி அலமாரியிலும் உள்ளன. பத்து நாள்களாக, டைமரில் ஹீட்டிங், வெந்நீர் இரண்டையும் அணைத்த பிறகும் பாய்லர் விட்டுவிட்டு எரிகிறது, பம்பும் ஓடுகிறது. ஆனால் ரேடியேட்டர்கள் குளிர்ந்தே இருக்கின்றன. குழாயில் வரும் வெந்நீரும் வழக்கமான சூட்டில்தான் வருகிறது. அறைத் தெர்மோஸ்டாட்டைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. வால்வுகளின் கம்பிகள் வந்து சேரும் இணைப்புப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்கிறார் என் கணவர். திறக்கலாமா?

பதில்: ரேடியேட்டர்கள் குளிர்ந்திருப்பதைத் தாங்கள் குறிப்பிட்டது மிகவும் உதவியாக இருக்கிறது. தெர்மோஸ்டாட்டிலோ டைமரிலோ பழுது இருந்திருந்தால், அது ரேடியேட்டர்களுக்கோ தொட்டிக்கோ சூடான நீரை விடும் வால்வின் மோட்டாருக்குத் தொடர்ந்து மின்சாரம் அனுப்பி, வால்வைத் திறந்தே வைத்து, ரேடியேட்டர்களையோ தொட்டியையோ சூடாக்கியிருக்கும். இரண்டும் நிகழவில்லை என்றால் வால்வுகள் மூடியே இருக்கின்றன. ஆயினும் 'வால்வு திறந்துவிட்டது' என்ற பொய்ச் செய்தி பாய்லருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தச் செய்தியை அனுப்புவது வால்வின் தலைப்பகுதியில் உள்ள சிறிய மைக்ரோ சுவிட்ச். தங்கள் வீட்டிலுள்ள வகை வால்வில் பெரும்பாலும் ஐந்து கம்பிகள் இருக்கும். தெர்மோஸ்டாட் சூடு கேட்கும்போது பழுப்புக் கம்பி மோட்டாருக்கு மின்சாரம் தருகிறது. நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சாம்பல் நிறக் கம்பியில் எப்போதும் 230 வோல்ட் காத்திருக்கும். வால்வு முழுமையாகத் திறந்ததும் மைக்ரோ சுவிட்ச் சாம்பலையும் ஆரஞ்சையும் இணைக்கிறது; ஆரஞ்சுக் கம்பி வழியே பாய்லரும் பம்பும் இயங்கத் தொடங்குகின்றன. அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், மோட்டார் ஓய்ந்து வால்வு மூடிய பிறகும் ஆரஞ்சில் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். தண்ணீருக்குப் போக வழியில்லாததால் பாய்லர் விரைவில் உச்சச் சூட்டை எட்டி அணைகிறது, சற்று ஆறியதும் மீண்டும் எரிகிறது. தாங்கள் சொல்லும் 'விட்டுவிட்டு எரிகிறது' என்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். புதிய தெர்மோஸ்டாட்டுக்குச் செலவிட்ட பணம் வீணானது வருத்தமளிக்கிறது.

இனி, திறக்கலாமா என்ற கேள்வி. அனுபவமில்லாதவர் திறக்க வேண்டாம் என்றே வேண்டிக்கொள்கிறேன். இரு வால்வுகளின் ஆரஞ்சுக் கம்பிகளும் பெட்டிக்குள் ஒரே இடத்தில் சேர்வதால், ஒரு வால்வு ஓய்ந்திருந்தாலும் மற்றதன் வழியே அதன் ஆரஞ்சில் மின்சாரம் இருக்கும். 'டைமர் அணைந்திருக்கிறது, தொடலாம்' என்று எண்ணுவது உயிருக்கே ஆபத்து. ஹீட்டிங் முழுவதற்கும் மின்சாரம் தரும், வழக்கமாக 3 ஆம்பியர் ஃபியூஸ் கொண்ட தனிச் சுவிட்சை அணைக்க வேண்டும். அதே அலமாரியில் தொட்டியின் இம்மர்ஷன் ஹீட்டர் இருந்தால் அது வேறு சர்க்யூட் என்பதால், அதையும் தனியே அணைக்க வேண்டும். பிறகு இரண்டு முனை கொண்ட சோதனைக் கருவியை, மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் சரிபார்த்து, பெட்டியில் சோதித்து, மீண்டும் முதல் இடத்தில் சரிபார்க்க வேண்டும். ஊரில் நாம் பழகிய, விளக்கெரியும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை இதற்கு நம்பவே கூடாது. தங்கள் வீட்டின் காலத்தில் பிரிட்டனில் நிலையான வயரிங்குக்குச் சிவப்பும் கறுப்புமே பயன்பட்டன; பழுப்பும் நீலமும் 2004 முதல் அனுமதிக்கப்பட்டு, 2006இல் கட்டாயமாயின. ஆகவே பெட்டிக்குள் இரண்டு தலைமுறை நிறங்களும் கலந்திருக்கலாம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது தவறாகப் போகும்.

எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லுங்கள்: மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு வால்வின் ஆரஞ்சுக் கம்பியை மட்டும் கழற்றி, அதன் முனையைக் கனெக்டரில் பாதுகாப்பாக மூடி, மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கட்டும். பாய்லர் ஓய்ந்தால் பழுது அந்த வால்வில். ஓயாவிட்டால் மற்றதையும் அவ்வாறே சோதிக்கலாம். இரண்டையும் கழற்றிய பிறகும் எரிந்தால் பழுது வால்வில் இல்லை. இணைப்புப் பெட்டியிலோ பாய்லரிலோ தேட வேண்டும். பல வால்வுகளில் தலைப்பகுதியை மட்டும், தண்ணீரை வடிக்காமலே மாற்ற முடியும். பாய்லரின் உள்மூடியைத் திறக்க நேர்ந்தால், கேஸ் சேஃப் பதிவேட்டில் (பிரிட்டனில் எரிவாயுப் பணி செய்யத் தகுதி பெற்றவர்களின் பட்டியல்) உள்ளவர் மட்டுமே தொட வேண்டும். அதுவரை, வீட்டில் ஆளில்லாத நேரங்களிலும் இரவிலும் ஹீட்டிங்கின் தனிச் சுவிட்சை அணைத்து வையுங்கள். கடும் பனி பெய்யும் இரவுகளில் மட்டும் குழாய்கள் உறையாதபடி அதை அணைக்காமல் விட்டுவையுங்கள்.

கேள்வி: பாய்லர் அணைந்த பிறகும் பம்ப் சில நிமிடங்கள் ஓடுகிறது. இதுவும் அதே பழுதா?

பதில்: இல்லை. பாய்லருக்குள் தங்கிய சூட்டை வெளியேற்றவே பல பாய்லர்கள் பம்பை இவ்வாறு சில நிமிடங்கள் ஓடவிடுகின்றன. சுடர் மீண்டும் எரியாமல் பம்ப் தானாக நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை.