எலும்பு சிக்கவில்லை, இருமல்தான்!

கேள்வி: எங்கள் 3 வயது லாப்ரடாரை நான்கு நாள் போர்டிங்கில் (நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி) விட்டிருந்தோம். அழைத்து வந்த ஐந்தாம் நாளிலிருந்து தொண்டையில் ஏதோ மாட்டியதுபோலக் கமறி, வெள்ளை நுரையைக் கக்குகிறது. எலும்பு சிக்கியிருக்குமோ? சாப்பாடு வழக்கம்போல்தான். (வாசகி, ஈரோடு)

பதில்: எலும்பு சிக்கிய நாய் சாப்பிடாது. எச்சில் ஒழுகும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். உங்கள் நாய்க்கு இருப்பது பெரும்பாலும் ‘கென்னல் காஃப்’. நாய்கள் கூடும் இடத்தில் தொற்றி, 3 முதல் 10 நாளுக்குள் தலைகாட்டும். வாத்து கத்துவதுபோன்ற வறட்டு இருமல், முடிவில் ஓங்கரிப்பு, கொஞ்சம் நுரை. சாப்பிட்டது வெளியே வந்தால் அது பெரும்பாலும் வாந்தி. சங்கிலி கழுத்துப் பட்டையை இழுத்தாலே இருமல் கிளம்புவது இன்னொரு அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. எச்சில் ஒழுக்கிக்கொண்டு, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாயில் எலும்பைத் தேடி ஒருபோதும் கைவிடாதீர்கள். வெறிநோயும் ஆரம்பத்தில் அப்படித்தான் தெரியும்.

பாராஇன்ஃப்ளுயன்சா போன்ற வைரஸ்களும் பார்டெடெல்லா என்ற பாக்டீரியாவும் தனியாகவோ கூட்டுச் சேர்ந்தோ இதை உண்டாக்குகின்றன. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் மெல்லிய மயிரிழைகளைப் பார்டெடெல்லா பிடித்துக்கொண்டு முடக்கிவிடும். அவை சீராகும்வரை இருமல் நிற்காது. திடமான நாய்க்கு 1 முதல் 3 வாரத்தில் தானே அடங்கும்.

அதுவரை கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். ஓட்டம், பந்து விளையாட்டு வேண்டாம். உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் கொடுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி சூழ்ந்ததும் நாயோடு 10-15 நிமிடம் உட்காருங்கள். நாய்க்கு முகத்துக்கு நேரே பாத்திரம் வைத்து ஆவி பிடிக்கக் கூடாது, சுட்டுவிடும். சாம்பிராணி, கொசுவத்திப் புகை அந்த அறைப்பக்கமே வேண்டாம். பல வீடுகளில் இருமல் இழுத்துக்கொண்டே போவதற்கு இந்தப் புகை ஒரு காரணம்.

காய்ச்சல் (103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல்), மஞ்சள் அல்லது பச்சைச் சளி, சோர்வு, சாப்பாட்டை ஒதுக்குவது, வயிறு எக்கி மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். நிமோனியாவாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டி என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். கண்ணில் பீளையும் பேதியும் சேர்ந்தால் டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோயாகவும் இருக்கலாம்.

கேள்வி: வீட்டில் உள்ள இருமல் சிரப்பைக் கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பாராசிட்டமால், ஜலதோஷ மருந்துகளில் வரும் சூடோஎஃபிட்ரின், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் எல்லாமே நாய்க்கு ஆபத்து. இருமலை அடக்கும் மருந்து வறட்டு இருமலுக்கு மட்டும், அதுவும் மருத்துவர் சொன்னால்தான். சளி இருக்கும்போது அடக்கினால் அது உள்ளேயே தங்கும். சர்க்கரை நோய் இல்லாத பெரிய நாய்க்கு அரை டீஸ்பூன் தேன் தரலாம்.

கேள்வி: ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டும் வந்துவிட்டதே? வீட்டில் இன்னொரு நாயும் இருக்கிறது. (வாசகர், மதுரை)

பதில்: வழக்கமான கூட்டு ஊசியில் டிஸ்டெம்பர், அடினோ வைரஸ், பல வகைகளில் பாராஇன்ஃப்ளுயன்சாவும் இருக்கும். பார்டெடெல்லாவுக்குத் தனித் தடுப்பு மருந்து. மூக்கில் விடும் வகையை போர்டிங்குக்கு ஒரு வாரம் முன்னதாகவாவது போட்டுவிடுங்கள். ஊசி வகை என்றால் முதல்முறை சில வார இடைவெளியில் இரண்டு தவணை. எதுவானாலும் முழுக் கவசமல்ல, நோயின் வேகத்தைக் குறைக்கும்.

இன்னொரு நாய்க்கு இதற்குள் தொற்றியிருக்கலாம். இருந்தாலும் பிரித்தே வையுங்கள், தண்ணீர்க் கிண்ணம் தனித்தனி. கிண்ணத்தை முதலில் சோப்பால் கழுவி, 1 லிட்டர் தண்ணீரில் 30 மி.லி. பிளீச் திரவம் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவிடுங்கள். இருமல் நின்றபின்னும் இரண்டு வாரம் மற்ற நாய்களோடு சேர்க்காதீர்கள். பார்டெடெல்லா அதற்குப் பிறகும் சில வாரம் வெளியேறலாம்.

கேள்வி: வெளியே போகாத 11 வயது பொமரேனியன் ராத்திரியில் மட்டும் இருமுகிறதே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அந்த வயதில், அந்த இனத்தில் முதலில் இதயத்தையும் மூச்சுக்குழாய்த் தளர்ச்சியையும்தான் சந்தேகிக்க வேண்டும். நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் தாமதிக்காதீர்கள். இருமலை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரின் மேஜையில் ஏற்றியதும் பல நாய்கள் இருமுவதே இல்லை.