செயற்கை நுண்ணறிவு மாடலை இளைக்க வைப்பது: கேள்வி பதில்

கேள்வி: 700 கோடி அளவுருக்கள் உள்ள மொழி மாடல் என் 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டில் ஏற மறுக்கிறது. வழி உண்டா சார்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 பிட்டில் ஒரு எடைக்கு, அதாவது ஒரு அளவுருவுக்கு, 2 பைட். மொத்தம் 14 ஜிபி. எப்படி ஏறும்? 4 பிட்டுக்குக் குறைத்தால் சுமார் மூன்றரை ஜிபிதான். இதுதான் குவான்டைசேஷன். மிச்ச இடம் கேவி கேஷுக்கு வேண்டும், அதாவது இதுவரை படித்த சொற்களுக்குப் போட்ட கணக்கை மாடல் சேமித்து வைக்கும் இடத்துக்கு. உரையாடல் நீள நீள அதுவும் வீங்கும்.

கேள்வி: தரம் போய்விடாதா?

பதில்: 8 பிட்டில் குறை பெரும்பாலும் தெரியாது. 4 பிட்டில் தெரியலாம். உங்கள் தரவிலேயே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ப்ரூனிங் செய்து, அதாவது முக்கியமில்லாத எடைகளை வெட்டி, 90% எடைகளைப் பூஜ்ஜியமாக்கினேன். வேகம் அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: எல்லாரும் விழும் குழிதான் தம்பி. 2015இல் ஆய்வாளர் சாங் ஹான் குழு, படங்களை அடையாளம் காணும் அலெக்ஸ்நெட் மாடலின் 6.1 கோடி எடைகளை 67 லட்சமாக வெட்டியது, துல்லியம் குறையாமல். ஆனால் எடை குறைவது வேறு, வேகம் கூடுவது வேறு. பந்தியில் அங்கங்கே நாலு பேர் எழுந்து போனாலும் பரிமாறுகிறவர் வரிசை முழுக்க நடந்துதான் ஆக வேண்டும். ஜிபியூவும் (கிராபிக்ஸ் கார்டின் சிப்) அப்படித்தான், சிதறிக் கிடக்கும் பூஜ்ஜியங்களையும் சேர்த்தே பெருக்கும். வரிசையையே எடுங்கள்: முழு ஃபில்டர் (படத்தில் ஒரு அம்சத்தைத் தேடும் எடைத் தொகுப்பு), முழு சேனல் (ஒரு ஃபில்டர் தரும் வெளியீட்டு அடுக்கு). அல்லது என்விடியாவின் ஆம்பியர் வகைக் கார்டு இருந்தால், நான்கு எடைக்கு இரண்டு பூஜ்ஜியம் என்ற ஒழுங்கில் வெட்டுங்கள். அதற்கென்றே வன்பொருளில் வசதி உண்டு.

கேள்வி: போனில் படத்தை அடையாளம் காண விஜிஜி16 என்ற மாடலைச் சுருக்கலாமா?

பதில்: வேண்டாம், அது யானை. 13.8 கோடி அளவுருக்கள். 2017இல் போன்களுக்கென்றே வந்த மொபைல்நெட் மாடலுக்கு 42 லட்சம்தான். இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பில் சோதித்தால் துல்லியத்தில் வித்தியாசம் ஒரு சதவீதப் புள்ளிகூட இல்லை. மொபைல்நெட் ஒவ்வொரு சேனலையும் தனியாக வடிகட்டி, அப்புறம் 1×1 ஃபில்டரில் கலக்கிறது. 3×3 ஃபில்டருக்கு வழக்கமான முறையைவிடக் கணக்கு 8, 9 மடங்கு குறையும்.

கேள்வி: பெரிய மாடலை ஆசிரியராக வைத்துச் சின்ன மாடலைப் பயிற்றுவிக்கும் டிஸ்டிலேஷன்?

பதில்: நல்ல வழி. பெர்ட் என்ற மொழி மாடலிடம் பாடம் கற்ற டிஸ்டில்பெர்ட் அதைவிட 40% சிறியது, 60% வேகமானது, ஆசிரியரின் மொழியறிவில் 97% அதனிடம் தங்கியது. ஆனால் மாணவனைப் பயிற்றுவிக்கும் செலவு உங்கள் தலையில்.

கேள்வி: முதலில் எதைத் தொட வேண்டும்?

பதில்: ப்ரொஃபைலரை, அதாவது நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் கருவியை. ஒருமுறை பயிற்சி வேகமாக வேண்டுமென்று ஒரு வாரம் மாடலைச் செதுக்கினேன். கடைசியில் பார்த்தால் ஜிபியூ பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. தாமதம் படங்களை டிஸ்கிலிருந்து படிப்பதில். தரவைப் படித்துக் கொடுக்கும் டேட்டாலோடரில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வொர்க்கர்களின் எண்ணிக்கையைக் கூட்டினேன், சரியாகிவிட்டது.