பறவைகள் இரவில் எங்கே, எப்படித் தூங்குகின்றன?

கேள்வி இதுதான்: "காட்டுப் பறவைகள் எல்லாம் இரவானால் எங்கே போகின்றன? எல்லாவற்றுக்கும் கூடு உண்டா? கிளையில் உட்கார்ந்தபடியே தூங்கினால் கீழே விழாதா?"

முதலில் கூட்டை மறந்துவிடுங்கள். கூடு தொட்டில்தான், படுக்கையறை இல்லை. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அவை பறந்து போகும்வரைதான் பெரும்பாலான பறவைகளுக்குக் கூட்டோடு உறவு. அந்த நாட்களிலும் அடைகாக்கிற பறவைதான் இரவில் கூட்டில் இருக்கும். பல இனங்களில் அதன் ஜோடி வேறு ஏதாவது கிளையில் அடைந்திருக்கும். குஞ்சுகள் போன பிறகு கூட்டில் மிஞ்சுவது எச்சமும் பேனும் உண்ணியும்தான். அதில் போய் யார் படுப்பார்கள்?

விதிவிலக்கு உண்டு. மரங்கொத்திகள் பல, தூங்குவதற்கென்றே தனியாகப் பொந்து குடைந்துகொள்ளும். உள்ளே போய்ப் படுக்காது. பொந்தின் சுவரை நகத்தால் பற்றிக்கொண்டு, வாலை முட்டுக்கொடுத்து, செங்குத்தாகவே தூங்கும். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் தூக்கணாங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இனம் மரத்தில் வைக்கோல் போர் அளவுக்குப் பொதுக் கூடு கட்டி, வருடம் முழுக்க அதற்குள்தான் இரவைக் கழிக்கிறது.

மற்றவை எங்கே தூங்கும் என்பதை ஒவ்வொரு பறவையாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவற்றுக்கு இரவில் இரண்டு பயம்: தின்ன வருகிற எதிரி, குளிர். யாருக்கு எது பெரிய பயம் என்று பார்த்தால் இடம் தானாகவே புரிந்துவிடும். மயில் பகலெல்லாம் தரையில் மேய்ந்தாலும், இருட்டும் முன் உயரமான மரத்தில் ஏறிவிடும். தரையில் நரியும் சிறுத்தையும் இருக்கின்றன. கொக்குகளும் நாரைகளும் தண்ணீரை ஒட்டிய மரங்களையும், நடுவே தீவு மாதிரி நிற்கிற மரங்களையும் தேடிப் போகும். வாத்துகள் பல நீரிலேயே மிதந்தபடி தூங்கும். சிறு குருவிகளுக்கு முள் புதர், அடர்ந்த இலைக் கொத்து, கொடி படர்ந்த சுவர். மரமே இல்லாத வெட்டவெளியில் வானம்பாடி புல் மறைவில் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். கடற்கரையில் சேற்றைக் கிளறித் தின்கிற உள்ளான்களுக்கோ இரவு பகல் கணக்கே வேறு: கடல் வற்றினால் சாப்பாடு, ஏறினால் தூக்கம். ஆந்தையும் வக்காவும் பகலில் தூங்குகிற ரகம்.

மைனா, காகம், கிளி மாதிரியானவை கூட்டமாக அடையும். பொழுது சாயும்போது அப்படி ஒரு மரத்தடியில் நின்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும், கத்தும், ஒன்றை ஒன்று தள்ளும், மொத்தமாகக் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி இறங்கும். 'என்னதான் சண்டை?' என்று தோன்றும். பாதி சண்டை இடத்துக்காகத்தான். நடுவில் இருப்பவனுக்குக் காற்றும் குறைவு, ஆபத்தும் குறைவு. ஓரத்தில் இருப்பவன்தான் முதலில் மாட்டுவான். வெளிச்சம் முழுதாகப் போனதும் கூச்சல் அடங்கிவிடும்.

ஓரத்தில் இருப்பவன் என்ன செய்வான் என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி. பறவைகளால் மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்க வைக்க முடியும். விழித்திருக்கிற பாதியோடு இணைந்த கண் திறந்திருக்கும். வலது பாதி விழித்திருந்தால் இடது கண், இடது பாதி என்றால் வலது கண். பறவைத் தூக்கத்தை ஆராயும் நீல்ஸ் ராட்டன்பர்க்கும் அவர் குழுவினரும் இதை வாத்துகளில் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். நான்கு வாத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்ததில், நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு கண்களையும் மூடித் தூங்கின. இரு ஓரங்களிலும் இருந்தவை பாதித் தூக்கத்தை அதிகமாக்கிக்கொண்டன. அதுவும் வெளிப்பக்கம் பார்த்த கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. சில வாத்துகள் நடுநடுவே திரும்பி உட்கார்ந்து, அடுத்த கண்ணைக் காவலுக்கு வைத்தன.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மதிய நேரத்தில் கரையில் ஓய்வெடுக்கிற வாத்துக் கூட்டத்தைத் தள்ளி நின்று பைனாகுலரில் பாருங்கள். அலகு முதுகுச் சிறகுக்குள் செருகியிருக்கும், உடம்பில் அசைவே இருக்காது. ஆனால் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தால், வெளிர் நிற இமை கீழிருந்து மேலாக ஏறி மூடும், சில நொடிகளில் கறுப்புக் கண் திறந்து ஒரு பார்வை பார்க்கும், மறுபடி மூடும். நீங்கள் ஓர் அடி முன்னால் வைத்தால் திறந்திருக்கும் நேரம் கூடும். சரி, இன்னும் ஓர் அடி வைக்காதீர்கள், மொத்தமாக எழுந்து போய்விடும்.

இன்னொன்று: பறவை தலையை இறக்கைக்கு அடியில் வைத்துத் தூங்கும் என்று சொல்வார்கள். அது அப்படித் தெரிவதுதான். உண்மையில் தலையைப் பின்பக்கம் திருப்பி, அலகை முதுகுச் சிறகுகளுக்குள் செருகுகிறது. இறகு மூடாத இடங்கள் அலகும் காலும்தான், வெப்பம் அந்த வழியாகத்தான் வேகமாகப் போகும். ஒற்றைக் காலில் நிற்பதும் இதற்குத்தான்: இன்னொரு கால் வயிற்று இறகுக்குள் கதகதப்பாக இருக்கும்.

அப்புறம், ஏன் விழுவதில்லை? பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இது: பறவை கால்களை மடக்கி உட்காரும்போது, காலின் பின்புறமாக ஓடுகிற தசைநாண் இழுபட்டு விரல்கள் தானாக மடங்கும், கிளையைக் கவ்விப் பிடிக்கும். நாணின் மேலும் அதன் உறையிலும் உள்ள சிறு மேடுபள்ளங்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால், தசைக்குப் பெரிய வேலை இல்லாமலே பிடி நிற்கும். இந்த அமைப்பு உண்மையில் இருக்கிறது. ஆனால் எல்லாப் பறவையும் தூங்கும்போது இதைத்தான் நம்பியிருக்கிறது என்று அடித்துச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 2012இல் மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளைச் சோதித்தவர்கள், அவை தூங்கும்போது கால்களை அவ்வளவாக மடக்குவதில்லை, விரல்களும் இறுகுவதில்லை, பாதத்தின் நடுப்பகுதியில் எடையைத் தாங்கிச் சமன் செய்தபடி நிற்கின்றன என்று கண்டார்கள். ஆக, பிடியோடு சமநிலையும் சேர்ந்ததுதான் பதில். இதற்கெல்லாம் அடங்காத ஆசாமிகளும் உண்டு: தொங்கும் கிளிகள் கிளையில் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கித் தூங்கும்.

இனி குளிர். நமக்கு இது பெரிதாகத் தெரியாது. பத்து கிராம் எடையுள்ள குருவிக்கு உயிர் போகிற விஷயம். குளிர்நாடுகளின் சிறு குருவிகள் சில ஒரே இரவில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும், பகலில் சேர்த்த கொழுப்பு அவ்வளவும் விடிவதற்குள் எரிந்திருக்கும். அதனால்தான் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. பஞ்சுருட்டான்கள் ஒரு கிளையில் இடைவெளியே இல்லாமல் வரிசையாக அமர்ந்திருப்பதைப் பார்த்தால் ஒரே நீளமான பச்சைப் பறவை என்று நினைப்பீர்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 1969இல் ஒரே ஒரு கூட்டுப் பெட்டிக்குள் 61 ரென் குருவிகள் அடைந்திருந்ததாகப் பதிவு இருக்கிறது.

ஹம்மிங்பறவை வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது: உடம்பையே அணைத்துவிடுகிறது. இதயத் துடிப்பும் உடல் வெப்பமும் விழுந்து, தொட்டாலும் அசையாத மயக்க நிலைக்குப் போய்விடும். ஆண்டிஸ் மலையில் ஓர் இனத்தின் உடல் வெப்பம் இரவில் சுமார் 3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதை அளந்து 2020இல் வெளியிட்டார்கள். காலையில் உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு மறுபடி பூவுக்குக் கிளம்பிவிடும்.

கடல்மேல் நாள்கணக்கில் பறக்கிற பறவைக்குக் கிளையும் இல்லை, புதரும் இல்லை. கலாபகஸ் தீவுகளில் ஃபிரிகேட் பறவைகளின் தலையில் சிறு கருவி பொருத்தி மூளையலையைப் பதிந்தார்கள். 2016இல் முடிவு வந்தது. பறக்கும்போதே தூங்குகின்றன. சில நேரம் பாதி மூளை, சில நேரம் முழு மூளையும். ஆனால் ஒரு நாளுக்கு மொத்தம் சுமார் 42 நிமிடம்தான். கரைக்குத் திரும்பினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கித் தீர்க்கின்றன. அண்டார்டிகாவில் முட்டையை அடைகாக்கும் சின்ஸ்ட்ராப் பென்குயின் இதற்கு நேரெதிர்: சராசரியாக நான்கே நொடி நீடிக்கிற குட்டித் தூக்கம், ஒரு நாளில் பத்தாயிரம் தடவைக்கு மேல். கூட்டினால் 11 மணி நேரம் வருகிறது. இது 2023இல் வெளியானது.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னால் போய், பறவைகள் எந்தத் திசையில் போகின்றன என்று பார்த்துப் பின்தொடருங்கள். இருட்டிய பிறகு டார்ச் அடிக்காதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படமும் எடுக்காதீர்கள். பகலில் வாழ்கிற பறவைகளுக்கு இருட்டில் பார்வை குறைவு. பயந்து கிளம்பினால் எதிலாவது மோதும், இல்லையென்றால் தேடிப் பிடித்த நல்ல இடத்தை விட்டுவிட்டு மீதி இரவைக் கண்ட இடத்தில் கழிக்கும்.